தளராத மரை: சத்திரம் பேருந்து நிலையத்து வண்டிகளும் திருகுப் பூட்டின் வரலாறும்

மோட்டார் வண்டியில் எஞ்சினின் சுழற்சி சக்கரத்தைச் சேர்வதற்குள் பல இணைப்புகளைக் கடக்க வேண்டும். ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ், பிராப்பெல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனைகளிலும் கிராஸ் ஜாயின்ட், பின்னால் ஹவுசிங்கிற்குள் பினியனும் கிரவுன் வீலும், கடைசியாக ஆக்சிலும் ஹப்பும். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்து நிறுத்துவன போல்ட்டும் நட்டும். அவற்றுள் முக்கியமான ஒன்று தளர்ந்தால் போதும், சுழற்சி வழுக்கத் தொடங்கிவிடும். முதலில் கிளட்சை விடும்போது பின்பக்கம் ‘டக்’கென்று ஓசை எழும். அடுத்து அதிர்வு வரும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. இந்தத் தளர்ச்சியைத் தடுக்க மனிதர் கையாண்ட வழிகள் மாட்டு வண்டியின் கடையாணியில் தொடங்கி, இன்று சின்னக் குப்பியில் வரும் பசை வரை நீள்கின்றன. பட்டறைகளில் ‘லாக்டைட்’ என்று பொதுப்பெயராகவே ஆகிவிட்ட பசை அது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் இந்த வரலாற்றைத் தொடரப் பொருத்தமான இடம். மலைக்கோட்டைக்கு அருகே, 2021இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட இந்த நிலையத்திலிருந்து நகரப் பேருந்துகள் காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலை வழியாகத் திருவானைக்காவலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போகின்றன. முசிறி, துறையூர், லால்குடி என்று வடக்கே உள்ள ஊர்களுக்கும் இங்கிருந்து வண்டி உண்டு. நகரப் பேருந்தின் ஓட்டம் இணைப்புகளுக்குக் கடுமையான சோதனை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கிளம்பும்போது பிராப்பெல்லர் ஷாஃப்டில் முறுக்கு ஒரு பக்கம் ஏறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. நாள் முழுக்க நடக்கும் இந்த முன்னும் பின்னுமான இழுப்புதான் நட்டைக் கழற்றும் முதல் எதிரி.

அச்சாணி முதல் காட்டர் பின் வரை

சுழலும் பொருளைக் கழலாமல் காப்பது மோட்டார் வண்டியோடு பிறந்த சிக்கல் அல்ல. மாட்டு வண்டியின் சக்கரம் அச்சை விட்டு வெளியேறாமல் தடுப்பது கடையாணி. ஸ்ரீரங்கத்துத் தேருக்கும் அதே தத்துவம்தான். அச்சாணியின் அருமையைத் திருக்குறளே பேசுகிறது. இந்த ஆணியின் சிறப்பு, அது இறுக்கத்தை நம்புவதில்லை என்பது. துளையில் குறுக்கே நிற்கிறது. முறிந்தால் ஒழிய வழி விடாது.

மரையின் கதை வேறு. மரை என்பது தண்டைச் சுற்றி ஏறும் சரிவு. நட்டை முடுக்கும்போது போல்ட் நூலிழை அளவுக்கு நீள்கிறது; நீண்டது சுருங்க முயல்வதால் இரு பாகங்களும் அழுந்திப் பிடிக்கப்படுகின்றன. அந்தப் பிடி நிற்பது உராய்வால். ஸ்பேனரில் செலுத்தும் விசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், ஐந்தில் இரண்டு பங்கு மரையின் உராய்விலும் செலவாகிறது. பத்தில் ஒரு பங்குதான் பிடியாக மாறுகிறது என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. உராய்வு ஒரு கணம் விலகினாலும் நட்டு தான் ஏறி வந்த சரிவில் இறங்கப் பார்க்கும்.

1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் மரைக்கு ஒரே அளவுமுறையை முன்வைத்தார். 55 பாகைக் கோணமுள்ள அந்த மரை பிரிட்டிஷ் எந்திரங்களோடு இந்தியாவுக்கு வந்தது. திருச்சியில் அந்த எந்திரப் பண்பாட்டின் பெரிய கூடம் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கு மாற்றியது. 1928இல் பொன்மலைப் பணிமனை இயங்கத் தொடங்கியது. நீராவி எஞ்சினின் அசையும் பாகங்கள் ஒவ்வொன்றிலும் நட்டைப் பூட்டியாக வேண்டும். அதற்கு அன்று இருந்த வழிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வழிகள்: நட்டின் மேல் இன்னொரு நட்டு வைத்து முடுக்கும் செக் நட், துளையிட்டுச் செருகி முனையை விரிக்கும் காட்டர் பின், போல்ட் தலையின் பக்கம் மடித்துவிடும் பூட்டுத் தகடு, பல போல்ட்டுகளைச் சேர்த்து முறுக்கும் கம்பி. எதுவும் முடியாத இடத்தில் மரையின் நுனியைச் சுத்தியால் தட்டி மழுக்கிவிடுவார்கள்.

தண்டவாளத்தில் இதே வேலையைச் செய்தவர் கீமேன். தனக்குரிய நீளத்தை நாள்தோறும் நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, தண்டவாள இணைப்பின் போல்ட்டை முடுக்கி வருவது அவர் கடமை. பூட்டும் கருவி எதுவாயினும் அதைத் தினமும் பார்க்க ஓர் ஆள் தேவை என்பது ரயில்வே கற்றுத்தந்த ஒழுங்கு. பின்னாளில் பேருந்துப் பணிமனைகளும் அந்த ஒழுங்கைக் கைக்கொண்டன.

பேருந்துகளின் காலம்

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துத் தொழிலில் இறங்கினார். அந்த நிறுவனத்தின் பெயர் திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட் என்ற இடப்பெயராக நிலைத்துவிட்டது. அரைநூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டுச் சாலைகளில் தனியார் பேருந்துகளே பெரும்பான்மை. 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவானபோது, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம் திருச்சி வட்டாரத்துக்கும் வண்டி விட்டது. பின்னர் திருச்சிக்கெனத் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997இல் இத்தகைய வட்டாரக் கழகங்களுக்கு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. சத்திரத்தில் அரசு நகரப் பேருந்தும் தனியார் நகரப் பேருந்தும் இன்றும் அருகருகே நின்று ஆள் ஏற்றுகின்றன.

இந்த வண்டிகளின் சேஸிஸில் பெரும்பகுதி அசோக் லேலண்ட், டாடா நிறுவனங்களுடையது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் பிரிட்டனின் லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னை எண்ணூரில் இருக்கிறது. பேருந்துக் கூடு கட்டும் தொழிலுக்குக் கரூரும் லாரிக் கூடு கட்டும் தொழிலுக்கு நாமக்கல்லும் பேர்பெற்றன. சேஸிஸ் ஓரிடத்திலும் கூடு ஓரிடத்திலும் உருவாகிச் சேரும் வண்டியில் இணைப்புகளின் எண்ணிக்கை இன்னும் கூடுகிறது.

பிரிட்டிஷ் பாணியில் வந்த பழைய கனரக வண்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை வெட்டியிருப்பார்கள். சக்கரம் முன்னோக்கி உருளும்போது நட்டு தளராமல் இறுகும் திசையிலேயே தள்ளப்பட வேண்டும் என்பது நோக்கம். புதிதாகப் பட்டறையில் சேர்ந்த பையன் அது தெரியாமல் வழக்கமான பக்கம் ஸ்பேனரைத் திருப்பினால், கழற்றுவதற்குப் பதில் இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பான்.

மரையின் அளவுமுறையும் இதற்கிடையே மாறியது. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகைக் கோணமுள்ள பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் முறை 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. விளைவாக ஒரே பட்டறையில் விட்வொர்த் ஸ்பேனர், அங்குலப் பின்ன ஸ்பேனர், மில்லிமீட்டர் ஸ்பேனர் என மூன்று தொகுதிகள் தொங்கின. ஒரு முறையின் நட்டை வேறு முறையின் போல்ட்டில் வலிந்து ஏற்றினால் ஏறினாற்போல் இருக்கும். மரையின் ஓரம் மட்டும் பற்றியிருக்கும். பழைய வண்டிகளில் தானே கழன்றதாகச் சொல்லப்படும் நட்டுகளில் இத்தகைய பொருந்தா இணைகளும் உண்டு.

போல்ட்டின் தரமும் உயர வேண்டியிருந்தது. சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966இல் உற்பத்தியைத் தொடங்கிய பின் உயர் வலிமை போல்ட்டுகள் உள்நாட்டிலேயே பெருமளவில் கிடைத்தன. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 800 நியூட்டன் வரை இழுவை தாங்கும். அந்த இழுவையில் 80 விழுக்காடு வரை ஏற்றினாலும் பழைய அளவுக்கு மீளும். அந்த எண்ணைப் படித்து எடுக்கும் மெக்கானிக்குக் கிரவுன் வீலில் எந்தப் போல்ட் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது உடனே தெரியும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின் ஹப்

வழுக்கல் எப்படித் தொடங்குகிறது என்பதைச் சென்னையில் உருவான ஒரு காரில் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர் அருகிலிருந்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டே இதன் மூலம். அம்பாசடரும் ஃபியட்டும் நிறைந்திருந்த சாலைகளில் தமிழ்நாட்டின் சொந்தக் காராக அது ஓடியது.

ஹெரால்டில் பின் ஆக்சிலின் வெளிமுனை கூம்பாகக் குறுகும். மெக்கானிக்குகள் அதை டேப்பர் என்பார்கள். ஹப்பின் உட்புறமும் அதே சரிவில் கடைந்திருக்கும். இரண்டிலும் வெட்டிய காடியில் சிறு எஃகுக் கீ உட்காரும். வெளியே ஒரு பெரிய நட்டு ஹப்பை டேப்பரின் மேல் அழுத்தும். முறுக்கைத் தாங்குவது கீ என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தாங்குவது கூம்பும் ஹப்பும் முழுப்பரப்பிலும் ஒட்டி அழுந்தும் உராய்வு. கீ இடம் காட்டவும் துணைக்கும் இருப்பது. நல்ல நிலையிலுள்ள ஹப்பைக் கழற்ற வலுவான புல்லர் தேவைப்படும். அதுவும் சில வேளை ‘டமார்’ என்று வெடிப்போசையோடுதான் விடும். அந்தப் பிடிவாதமே இணைப்பு ஆரோக்கியமாக இருந்ததற்குச் சான்று.

நட்டு சற்றே தளர்ந்தால் காட்சி மாறும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஹப் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகரும். இரு எஃகுப் பரப்பும் தேய்ந்து செங்காவித் தூள் உதிரும். ஹப்பின் ஓரத்தில் தெரியும் அந்தச் செம்பழுப்புக் கறையைப் பார்த்தே அனுபவமுள்ள மெக்கானிக் நோயைச் சொல்லிவிடுவார். தேய்மானம் வளர வளர முறுக்கு முழுவதும் கீயின் மேல் இறங்கும். கீ நசுங்கும், காடி அகலும், கடைசியில் கீ வெட்டுப்படும். ஆக்சில் தனியே சுற்றும், சக்கரம் நிற்கும்.

இதற்குப் பட்டறைகள் கண்ட மாற்றுகள் பல. டேப்பருக்கும் ஹப்புக்கும் இடையில் மெல்லிய தகடு செருகுவது ஒன்று. அது சில நாள் பிடிக்கும். பிறகு தகடு சுருண்டு இரு பரப்பையும் மேலும் கெடுக்கும். திருச்சி வாகனக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பொன்மலையும், 1960களின் நடுவில் வந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையும், துப்பாக்கித் தொழிற்சாலையும் திருச்சியைக் கடைசலும் பிட்டர் வேலையும் தெரிந்த தொழிலாளர் ஊராக்கியிருந்தன. லேத் பட்டறையில் காடியைச் சீர்செய்து, அளவுக்குச் சற்றுப் பெரிய கீ அறுத்து, அரைப்புப் பசை தடவி ஹப்பை டேப்பரோடு தேய்த்துப் பரப்பைப் பொருத்துவார்கள். நீலச் சாயம் பூசி மாட்டிக் கழற்றினால், சாயம் முழுப் பரப்பிலும் சீராகப் படிந்திருக்க வேண்டும். இன்றும் இதுவே சரியான முதல் மருத்துவம்.

காற்றில்லாத இடத்தில் இறுகும் பசை

1940களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒரு வினோதமான திரவம் உருவானது. காற்றைக் குமிழியிட்டுச் செலுத்திக்கொண்டே இருந்தால் திரவமாக இருக்கும். காற்று நின்றால் கெட்டியாகிவிடும். சேமிக்க முடியாத பொருளுக்குச் சந்தை ஏது? அங்குப் பணியாற்றிய வேதியியலர் ராபர்ட் க்ரீபிள் இதைத் தன் தந்தையிடம் சொன்னார். தந்தை வெர்னன் க்ரீபிள், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1953இல் அவர் குப்பியில் நெடுநாள் திரவமாகவே இருக்கும் வகையைக் கண்டார். 1956இல் அது பொதுமக்களுக்கு அறிமுகமானது. அமெரிக்கன் சீலன்ட்ஸ் என்ற அவரது நிறுவனம் 1963இல் லாக்டைட் எனப் பெயர் மாறியது; 1997இல் ஜெர்மனியின் ஹென்கெல் அதை வாங்கியது.

இந்தப் பசையின் அடிப்படை மெத்தாக்ரிலேட் வகைச் சேர்மம். ஆக்சிஜன் இருக்கும்வரை அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோப்பது தடைபடும். மரைக்குள் போய்க் காற்று அடைபட்டு, இரும்பு அல்லது செம்பின் அயனிகளைத் தொட்டதும் கோப்பு தொடங்கி, கெட்டியான பிளாஸ்டிக்காக மாறும். பசைக் குப்பி பாதிதான் நிரம்பியிருக்கும். வாங்குபவர் குறைவாக அடைத்துவிட்டதாக நினைக்கலாம். மீதி இடம் பசையைத் திரவமாக வைத்திருக்கும் காற்றுக்கானது. குப்பியும் காற்று ஊடுருவும் பாலிஎத்திலீனால் ஆனது. நட்டும் போல்ட்டும் முடுக்கிய பிறகும் மரைகளுக்கிடையில் வெற்றிடம் மிஞ்சும். பசை அந்த இடத்தை நிரப்பி, பக்கவாட்டு அசைவுக்கு வழியின்றி அடைத்துவிடுகிறது. துருவும் எண்ணெய்க் கசிவும் தடைபடுவது கூடுதல் பயன்.

பசை ஏன் தேவை என்பதற்கான தெளிவான விடை 1969இல் வந்தது. ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், இறுக்கிய போல்ட்டைப் பக்கவாட்டில் அசைக்கும் எந்திரம் அமைத்துச் சோதித்தார். நட்டைக் கழற்றுவதில் நீளவாட்டு இழுப்பைவிடப் பக்கவாட்டு நழுவலே கொடியது என்று அவர் காட்டினார். பல தலைமுறை மெக்கானிக்குகள் நம்பிய ஸ்பிரிங் வாஷர் இத்தகைய அசைவில் பெரிய காவல் தருவதில்லை என்பதும் இவ்வகைச் சோதனைகளில் வெளிப்பட்டது. இணைப்பில் நழுவலே நடக்காத அளவுக்கு முடுக்கம் வேண்டும். மிச்சமுள்ள அசைவை மரைக்குள்ளேயே தடுக்க வேண்டும். பசை செய்வது இந்த இரண்டாம் வேலையை.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில்

இந்தியாவில் இவ்வகைப் பசை பரவ இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று உள்நாட்டுத் தயாரிப்பு. 1979இல் தொடங்கிய சென்னையின் அனபாண்ட் நிறுவனம் இதில் முன்னோடிகளுள் ஒன்று. மற்றொன்று 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அந்தக் காருக்கான சுசூகியின் பணிமனைக் கையேடுகள் எந்தெந்த போல்ட்டுக்கு மரைப் பூட்டுப் பசை இட வேண்டும், எத்தனை நியூட்டன் மீட்டர் முடுக்க வேண்டும் என்று இடம் குறித்துச் சொல்லின. அதுவரை கைப்பழக்கத்தில் இருந்த முடுக்கம், எண்ணாக எழுதப்பட்ட ஒழுங்கானது. மரையில் வண்ணப் பூச்சாகப் பசையை முன்கூட்டியே இட்ட போல்ட்டுகளும் பின்னர் வந்தன. அவற்றின் நுண்குமிழ்கள் முடுக்கும்போது உடைந்து பசையை விடுவிக்கும். கழற்றினால் புதிது போட வேண்டும்.

பசையில் வகை உண்டு. சின்னத் திருகுகளுக்கு ஊதா, ஸ்பேனரால் கழற்றக்கூடிய இடங்களுக்கு நீலம், நிரந்தரமாக இருக்க வேண்டியவற்றுக்குச் சிவப்பு என்பது பரவலான வழக்கம். பேரிங், புஷ், டேப்பர் போன்ற உருளைப் பொருத்தங்களுக்கெனத் தனிப் பசை உண்டு. ஹெரால்டின் ஹப் போன்ற இடத்துக்குரியது அந்தத் தனிப் பசைதான். மரைப் பசை அங்கு முழுப்பயன் தராது. கேஸ்கெட்டுக்கு இடும் சிலிக்கான் பசை முற்றிலும் வேறு. பட்டறைகளில் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. சிலிக்கானை மரையில் தடவினால் அது மசகுபோல் வழுக்கி, முடுக்கத்தின் கணக்கையே தவறாக்கும்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. பிரீமியர் பத்மினியும் ஹெரால்டும் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டன. இந்தக் கார்களைக் காப்பவர்களுக்குப் புது ஆக்சிலும் ஹப்பும் எளிதில் கிடைப்பதில்லை. இருப்பதைத் தேயாமல் வைத்திருப்பதே வழி. அதனால் பழைய காரில் பசையின் மதிப்பு புதிய காரில் இருப்பதைவிட அதிகம்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பழைய பசையையும் கிரீஸையும் நீக்கி, கரைப்பானால் துடைத்து உலரவிட வேண்டும். நட்டு வந்து உட்காரும் இடத்தில் மட்டும் சில துளிகள் போதும். முலாம் பூசிய போல்ட்டிலும் துருப்பிடிக்காத எஃகிலும் அயனிகள் குறைவு. அங்கு ஊக்கி தேவைப்படும். டார்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு முடுக்கிய பின் அசைக்கக்கூடாது. சில நிமிடங்களில் பிடித்துவிடும். முழு வலு வர ஒரு நாள் ஆகும். காலையில் வேலை முடித்து மதியமே சவாரிக்கு விடப்படும் வண்டிக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. அங்கேதான் பல தோல்விகள் பிறக்கின்றன. சிவப்பு வகையைக் கழற்ற 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கும். அருகில் ஆயில் சீல் இருந்தால் அது கருகும். ஆகவே பின்னால் கழற்ற வேண்டிய இடத்தில் சிவப்பை இடுவது அடுத்த மெக்கானிக்குக்கு வைக்கும் வினை. சக்கர நட்டுகளுக்குப் பசை கூடாது. அவை அடிக்கடி முடுக்கிச் சரிபார்க்க வேண்டியவை. காட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் பசை அதற்கு மாற்றாகாது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

கடையாணியிலிருந்து பசை வரை வந்த வழியில் ஒவ்வொரு பூட்டும் முந்தையதன் குறையைத் தீர்த்தது. எதுவும் நல்ல பொருத்தத்துக்கு மாற்றாக அமையவில்லை. தேய்ந்த டேப்பரையும் அகன்ற காடியையும் பசையால் மறைத்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடும்; அதற்குள் தேய்மானம் ஆக்சிலையே தின்றுவிடும். சரியாகக் கடைந்து, சுத்தமாகத் துடைத்து, அளவாக முடுக்கிய இணைப்பைக் காப்பதே பசையின் வேலை. பழைய கார் வைத்திருப்பவர்கள் லேத்காரரிடம் முதலில் போகட்டும். லாக்டைட் குப்பியை அதன் பிறகு திறக்கட்டும்.